நான்கு கரண்டி பரங்கிக்காய்

நவம்பர் 4, திங்கள்

நான் வேலை செய்கிற கடைக்குப் பனி அள்ளும் மண்வெட்டிகள் வந்து இறங்கின. நாள் முழுக்க அவற்றை அடுக்குவதிலேயே போயிற்று. முதுகு வலி.

சாயங்காலம் கெர்ஸ்டின் போன் செய்தாள். "அம்மா, நன்றி நாள் விருந்துக்கு என்ன சமையல்?" என்றாள். மகள் ஒவ்வொரு வருடமும் நவம்பர் முதல் வாரத்தில் கேட்கிற கேள்விதான். நானும் ஒவ்வொரு வருடமும் "உங்க அப்பாவைக் கேளு" என்று போனை வெண்டலிடம் நீட்டிவிடுவேன். வான்கோழி, கிரேவி, காட்டரிசி, பரங்கிக்காய் வைத்துச் சுடும் பம்ப்கின் பை எல்லாம் அவன் கைதான். நான் பாத்திரம் கழுவுகிறவள்.

இன்று போனை நீட்டவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரலில் அவன் தொண்டையில் கட்டி என்றார்கள். ஜூலை வரை கதிர்வீச்சு. கட்டி போய்விட்டது. கூடவே விழுங்குவதும் போய்விட்டது. இப்போது வயிற்றில் ஒரு குழாய். தினமும் ஐந்து முறை டப்பா உணவை அதில் ஊற்றிக்கொள்கிறான். அது நாக்கைத் தொடுவதே இல்லை.

ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற நாளில் அவனை எங்கே உட்கார வைப்பேன்?

நவம்பர் 5, செவ்வாய்

இன்றும் கெர்ஸ்டினுக்குப் பதில் சொல்லவில்லை.

நவம்பர் 9, சனி

வெண்டல் வண்டியில் கிரான்பெரி வயல் பக்கம் போய்விட்டு வந்தான். அறுவடை முடிந்து ஆட்கள் வரப்புகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்களாம். இருபத்தொன்பது வருடம் அறுவடைக்கு அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று பழம் வாரியவன். இந்த அக்டோபரில் இறங்கவில்லை. "எல்லாரும் விசாரிச்சாங்க" என்றான்.

ஒரு விஷயம் இங்கேயாவது எழுதி வைக்கிறேன். ஜூனிலிருந்து நான் துணி துவைக்கிற அறையில் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு, இயந்திரத்தை ஓடவிட்டு. வாசனை அவனுக்குப் போகக் கூடாது என்று. தப்பு செய்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் அவன் எதிரில் எப்படி மெல்லுவேன்?

நவம்பர் 11, திங்கள்

பிடிபட்டேன்.

மதியம் கடையிலிருந்து வந்து ரொட்டிக்குள் சாஸேஜ் வைத்து, அந்த அறையில் நின்று கடித்தேன். கதவு திறந்தது. வாய் நிறைய ரொட்டியோடு நான். வாசலில் அவன்.

"எத்தனை நாளா?" என்றான். கதிர்வீச்சுக்குப் பிறகு அவன் குரல் மரத்தைத் தேய்க்கிற மாதிரி.

"எது?"

"இப்படி எலி மாதிரி ஒளிஞ்சு தின்கிறது."

"ஜூன்லேர்ந்து."

என் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தான். "உனக்குப் பசியே எடுக்கலை போலன்னு நெனச்சேன், மார்லிஸ். என்னை நெனச்சு உருகுறேன்னு நெனச்சேன். ஆனா ஆள் கொஞ்சம்கூட இளைக்கலையேன்னும் நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை. வாயில் ரொட்டி இருந்ததால் இரண்டும் சரியாக வரவில்லை.

கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தான். எதிரே உட்கார்ந்துகொண்டான். "சாப்பிடு. நான் பார்க்கணும்."

"கஷ்டமா இருக்காதா?"

"நீ ஒளிஞ்சு தின்னா அதைவிடக் கஷ்டம். கடுகு சாஸ் போட்டிருக்கியா? எப்படி இருக்கு, சொல்லு."

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா என்னடி அர்த்தம்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே பதில்."

நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். முதலில் புளிப்பு, அப்புறம் மூக்கில் ஏறும் காரம், ரொட்டியின் ஓரம் கொஞ்சம் காய்ந்திருக்கிறது என்று. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டான். கடைசித் துண்டு வரை என்னை விடவில்லை.

அப்புறம்தான் சொன்னான்: "நன்றி நாள் இங்கேயே. வழக்கம்போல. கெர்ஸ்டினுக்குச் சொல்லிடு."

நவம்பர் 14, வியாழன்

விழுங்கும் பயிற்சி தருகிற ரெனேயிடம் போனோம். எக்ஸ்ரே திரையில் அவன் தொண்டையைக் காட்டினாள். மாவு மாதிரி கெட்டியானது மெதுவாக, ஆனால் சரியான வழியில் இறங்குகிறது. தண்ணீர் மட்டும் தப்பான பக்கம் ஓடுகிறது.

"சின்னக் கரண்டியால, நல்லா மசிச்சது, ஒரு வேளைக்கு நாலு கரண்டி. அதுக்கு மேல வேண்டாம்" என்றாள். நிமிர்ந்து உட்கார வேண்டும். முகவாயைத் தாழ்த்த வேண்டும். ஒவ்வொரு கரண்டிக்கும் இரண்டு முறை விழுங்க வேண்டும். வாயில் இருக்கும்போது பேச்சும் சிரிப்பும் கூடாது. நுரையீரலுக்குள் போனால் காய்ச்சல் வரும், மறுபடி ஆஸ்பத்திரி.

"வான்கோழி?" என்று கேட்டான்.

"இந்த வருஷம் இல்ல, வெண்டல்."

"கிரேவி?"

"கெட்டியா இருந்தா."

சாமியைக் கும்பிடுகிற மாதிரி அவளை நோக்கிக் கையைக் கூப்பினான். அவள் சிரித்துவிட்டாள்.

நவம்பர் 17, ஞாயிறு

பரிசோதனை நாள். உருளைக்கிழங்கை மசித்துக் கொடுத்தேன். பசை மாதிரி ஒட்டுகிறதாம். சர்க்கரைவள்ளியில் நார். காட்டரிசியை அரைத்துப் பார்த்தோம் — நாய்கூடத் தொடாது. பரங்கிக்காயை அடுப்பில் சுட்டு, வெண்ணெயும் பாலாடையும் சேர்த்துச் சல்லடையில் இரண்டு முறை தேய்த்தேன். அது வழுக்கிக்கொண்டு இறங்கிற்று.

கதிர்வீச்சில் நாக்கின் ருசியும் போனதால் எல்லாமே ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்பான். ஆனால் இதற்கு முகத்தைச் சுளிக்கவில்லை. "கொஞ்சம் இனிக்குது. இல்ல, இனிக்கும்னு ஞாபகமா? தெரியல."

எதுவானால் என்ன.

நவம்பர் 20, புதன்

பெரிய சண்டை.

கெர்ஸ்டின் போன் செய்தபோது ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். "அம்மா, அப்பா மேஜையில உட்காருவாரா? அவர் கரண்டியால எண்ணி எண்ணி முழுங்குறதைப் பார்த்துக்கிட்டு என்னால சாப்பிட முடியாதும்மா. எங்கேயாவது ஹோட்டலுக்குப் போயிடலாமா? அப்பாவுக்கும் அதுதான் நல்லது."

அவன் எனக்குப் பின்னால் நின்றிருந்தான்.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அவள் சின்னவளாக இருந்தபோது அப்பாவுக்குக் கையில் அடிபட்டதற்கே வேறு அறைக்கு ஓடிப்போனவள். ஆனால் அவன் முகம்!

"வான்கோழியை நான் வறுத்து வச்சுடறேன். அப்புறம் கராஜில போய் உட்கார்ந்துக்கறேன். யாருக்கும் கஷ்டம் வேண்டாம்" என்றான்.

"கராஜில உட்கார நீ என்ன நாயா?" என்று கத்தினேன். "அவளுக்குப் பார்க்க முடியல, உனக்கு உட்கார முடியல, எனக்கு மட்டும் எல்லாம் முடியுமா? நானும் மனுஷிதானே? நீ உட்காரலைன்னா அடுப்பே பத்த வைக்க மாட்டேன், போ!"

கெர்ஸ்டின் இன்னும் போனில் இருந்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன். வைத்துவிட்டாள்.

அவளிடம் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். அவனிடமும்.

நவம்பர் 21, வியாழன்

வெண்டல் பேசவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டான். இப்போது ஒளிவது அவன் முறை.

நவம்பர் 24, ஞாயிறு

அவன் தம்பி ஆர்லன் போன் செய்தான். "ஏம்மா மார்லிஸ், நான் என்ன கொண்டு வரட்டும்?"

"நீ ஒண்ணும் கொண்டு வராதே. அந்தப் பச்சை ஜெல்லியை மட்டும் கொண்டே வராதே."

"என் ஜெல்லிக்கு என்ன கொறைச்சல்? இந்த வருஷம் அதைச் சாப்பிடாம தப்பிக்க அண்ணன் ஒருத்தனுக்குத்தான் நல்ல காரணம் இருக்கு."

இப்படி ஒரு மனிதன். ஆனால் ஸ்பீக்கரில் கேட்ட வெண்டல் நான்கு நாளில் முதல்முறையாகச் சிரித்தான். நான் மெதுவாகக் கேட்டேன்: "உட்காருவியா?" "பார்க்கலாம்" என்றான்.

நவம்பர் 27, புதன்

வேலையிலிருந்து வந்தால் சமையலறை முழுக்கப் பாத்திரம். உப்புத் தண்ணீரில் ஊறிய வான்கோழியைத் துடைத்து, தோலுக்கடியில் வெண்ணெயும் சேஜ் என்ற வாசனை இலையும் தேய்த்துக்கொண்டிருந்தான். பழைய வெண்டல். நான் சும்மா இரு என்று சொல்லவில்லை.

கிரேவிக்குச் சாறு காய்ச்சும்போதுதான் சிக்கல். அவனால் ருசி பார்க்க முடியாது. கரண்டியை என் பக்கம் நீட்டினான்.

"உப்பு?"

"போதும்."

"போதும்னா எவ்வளவு போதும்? நாக்கு ஓரத்துல நிக்குதா, நடுவுலயா?"

"நாக்குல ஓரம் எது நடு எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இன்னொரு தடவை குடி. அவசரப்படாதே."

பதினோரு கரண்டி குடித்தேன். பதினோராவதில் ஏதோ ஒன்று சரியாக வந்து உட்கார்ந்தது. நான் சொல்வதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்து அடுப்பை அணைத்துவிட்டான்.

நவம்பர் 28, வியாழன்

எல்லாம் எழுத வேண்டும். மறக்கக் கூடாது.

கெர்ஸ்டின் பதினொரு மணிக்கே வந்தாள், வீங்கிய கண்ணோடு. நேராக அப்பாவிடம் போய், "பரங்கிக்காயை நான் தேய்க்கிறேன். எத்தனை தடவை சல்லடையில போடணும்?" என்றாள். "ரெண்டு. கட்டி இருந்தா அப்பன் செத்தான்" என்றான். "அப்பா!" என்று அதட்டினாள். மூன்று முறை தேய்த்தாள்.

ஆர்லன் ஜெல்லியோடு வந்தான். கூடவே ஒரு மிக்ஸி. எதற்கென்று கேட்டால் கண்ணடித்தான்.

இரண்டு மணிக்கு மேஜை தயார். வறுத்த வான்கோழி, ரொட்டிக் கலவை, காட்டரிசி, பீன்ஸ், கிரான்பெரி சாஸ், ஜெல்லி. ஐந்து நிமிடம் வெண்டலின் நாற்காலி காலியாகவே இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். பிறகு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். சட்டை கழுத்தில் தொளதொளவென்று. முன்னால் சின்னக் கிண்ணம், சின்னக் கரண்டி.

அவன் முதல் கரண்டி எடுக்கும்போது யாரும் மூச்சுக்கூட விடவில்லை. முகவாயைத் தாழ்த்தினான். ஒன்று. இரண்டு. இறங்கிற்று. இரண்டாவது கரண்டியில் என் கிரேவி — எங்கள் கிரேவி. மூன்றாவது கரண்டி. நான்காவது. கெர்ஸ்டின் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடவில்லை.

"என்னடா இது, சாவு வீடு மாதிரி?" என்றான் ஆர்லன். மிக்ஸியை மேஜை மேல் வைத்து, தன் தட்டிலிருந்த வான்கோழி, பீன்ஸ், சாஸ், ஜெல்லி எல்லாவற்றையும் அதற்குள் தள்ளி ஓட்டினான். சிமென்ட் நிறத்தில் ஒன்று வந்தது. கண்ணாடி டம்ளரில் ஊற்றி, "அண்ணனுக்குத் துணை" என்று பாதியை ஒரே மூச்சில் குடித்தான். அவன் முகம் போன போக்கு!

வெண்டல் சிரித்தான். வாயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் சிரிப்பு இருமலாயிற்று. நிற்கவில்லை. முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினான். நான் எழுந்துவிட்டேன். கெர்ஸ்டின் எனக்கு முன்பே போய் அவன் முதுகைத் தாங்கி, "குனிங்கப்பா, மெதுவா, மெதுவா" என்றாள். ஆர்லன் டம்ளரோடு வெளிறிப்போய் நின்றான்.

நின்றது. வெண்டல் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தான். "மீதியையும் குடிடா" என்றான்.

ஆர்லன் குடித்தான். பாவம்.

அப்புறம் எல்லோரும் சாப்பிட்டோம். வெண்டல் ஒவ்வொருவரையும் விசாரித்தான். தோல் மொறுமொறுப்பா, தொடைக்கறி சாறோடு இருக்கிறதா என்று. கெர்ஸ்டின் விவரமாகச் சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொல்கிறாள்.

நவம்பர் 29, வெள்ளி

மூன்று முறை காய்ச்சல் பார்த்தேன். இல்லை.

நவம்பர் 30, சனி

இன்றும் இல்லை. ஆர்லனுக்குத்தான் வயிறு சரியில்லையாம்.

டிசம்பர் 12, வியாழன்

டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். தொண்டைத் தசை கதிர்வீச்சில் கெட்டித்துவிட்டது. பயிற்சியால் இன்னும் கொஞ்சம் வரலாம். பழையபடி வராது. குழாய் இருக்கும். எத்தனை வருடம் என்று நான் கேட்டேன். "இருக்கும்னே வச்சுக்குங்க" என்றார்.

வண்டியில் வீட்டுக்குக் கிளம்பினோம். கிரான்பெரி வயல்கள் உறைந்து வெள்ளையாகக் கிடந்தன. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தோம்.

"வான்கோழித் தொடை இனிமே கிடையாது" என்றான் கடைசியில்.

"கிடையாது."

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். குளிர் தாங்காமல்தான் உள்ளே போனோம்.

ஜனவரி 7, செவ்வாய்

காலையில் வெண்டலுக்கு ஓட்ஸ் கஞ்சி. கெட்டியாக, பட்டைத்தூள் போட்டு. ரெனே இப்போது ஒரு கிண்ணம் வரை விட்டிருக்கிறாள். எனக்கு வறுத்த ரொட்டி, முட்டை. அவனுக்கு ஒரு கிண்ணம் முடிய ஐம்பது நிமிடம் ஆகிறது. நடுவில் செய்தித்தாளில் வந்த மரண அறிவிப்பு ஒன்றைப் படித்துக் காட்டி, அந்த மனிதன் பள்ளியில் எங்களுக்கு என்னென்ன தொல்லை கொடுத்தான் என்று பேசிக்கொண்டிருந்தேன். வெண்டலால் பதில் சொல்ல முடியாது, வாயில் கஞ்சி. கண்ணால் சொன்னான்.

கடைக்கு அரை மணி நேரம் தாமதம். சாலையில் பனியா என்று முதலாளி கேட்டார்.

இல்லை, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்றேன்.