முதலாளி விடச் சொன்ன வரி

நீ இருந்திருந்தால் அந்த ஒரு வரியை எழுதச் சொல்வாயா, விடச் சொல்வாயா? பின்னேரம் முழுவதும் யோசித்தும் எனக்கு விடை தெரியவில்லை. பாடசாலை விட்டபின் அலுமாரியைத் திறந்து பிள்ளைகளைச் சேர்த்த விவரம் பதிந்த பழைய சேர்வு இடாப்பை எடுத்தேன். மழைக்கால ஈரம் ஏறிய காகிதத்தின் புளித்த வாடை. அதில் முதலில் நினைவுக்கு வந்தது நுவரெலியா அரசாங்கக் கச்சேரியின் விசாரணை அறை. பிறகு நீ.

இன்று காலை முதலாளி வந்திருந்தார். அதே பஜார்க் கடைக்காரர், இன்றும் நகரசபை அங்கத்தவர். இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் நம் ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டதிலிருந்து பழைய கோப்புகளையெல்லாம் கிளறுகிறார்கள். அவர் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்த காலத்தில் மனைவியும் பிள்ளைகளும் இந்தியாவில் இருந்தார்கள், ஆகவே அது செல்லாது என்று யாரோ மனுப் போட்டிருக்கிறார்கள். மகன்கள் இங்கேதான் படித்தார்கள் என்று தலைமையாசிரியை நான் எழுதித் தர வேண்டுமாம்.

படித்தார்கள். நடுவில், அந்த விண்ணப்பக் காலத்து இரண்டு வருஷம் தவிர. ‘தாயுடன் இந்தியா சென்றனர்’ என்று இடாப்பில் சிவப்பு மையில் இருக்கிறது. என் கையெழுத்துத்தான்.

“அந்த ஒரு வரிய மட்டும் விட்டுடுங்க டீச்சர். சேந்த தேதி, கடைசியா விட்ட தேதி, ரெண்டும் போதும். அதுல பொய் ஒண்ணும் இல்லியே.”

நாளைக்கு வாருங்கள் என்றேன். எழுந்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, “என்னைய அனுப்பிட்டா அங்க எனக்கு யாருமே இல்ல டீச்சர்” என்றார்.

உனக்கும் அங்கே யாரும் இருக்கவில்லை.

உன் புருஷன் செத்தபின் அவர் நகரசபையில் செய்த பஜார் கூட்டும் வேலையை நீ செய்துகொண்டிருந்தாய். உங்கள் லயத்து வீடுகளுக்குக் குழாய் கிடையாது. பஜார்க் கழிவுநீர் வந்து சேரும் ஓடைப் பீலியில்தான் குடிக்கவும் பிடித்தீர்கள். ஒருநாள் நகரசபை கூடும் நேரத்தில் முப்பது பெண்களைக் காலி வாளிகளோடு படிகளில் உட்காரவைத்தாய். முதலாளி வேட்டியைத் தூக்கிக்கொண்டு வாளிகளைத் தாண்டி ஏறினார்.

“பொம்பளைங்களுக்கு வீட்டுல வேலை இல்லியா?”

“வீட்டுல தண்ணி இல்லீங்க முதலாளி. உங்க மீட்டிங்குல இருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்.”

உள்ளே இருந்த கிளார்க்குகளே சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை அவர் மன்னிக்கவில்லை. நீ பிரஜையாகிவிட்டால் அடுத்த தேர்தலில் அவருக்கு எதிராக நிற்பாய் என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். நீ அதை மறுக்கவும் இல்லை.

பிரஜாவுரிமைக்கு நீ விண்ணப்பித்ததும் அவர் ஆட்சேபனை எழுதிக் கொடுத்தார். இத்தனை வருஷம் இந்த நாட்டில் இருந்தாய் என்பதற்கு உன்னிடம் இருந்த ஒரே சாட்சி, தேயிலைத் தோட்டத்தில் தினக்கூலிக்குப் பேர் போட்ட செக்ரோல். அதில் இருந்ததோ உன் அக்கா காத்தாயியின் பெயர். அவள் காய்ச்சலில் செத்தபோது உனக்கு வேலைக்குரிய வயதில்லை. அவள் பெயரிலேயே உன்னைக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். வேறு தோட்டங்களிலும் நடந்ததுதான். அந்தப் பெயரை மாற்றாமல் விட்ட கணக்கப்பிள்ளை என் அப்பா.

விசாரணை அறையில் காத்தாயியின் மரணப் பத்திரத்தை முதலாளி மேசையில் வைத்தார். அதிகாரி சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் உன்னிடம் சொன்னார்: “செத்துப்போன ஆளுக்கு எப்படிப் பிரஜாவுரிமை குடுக்கிறதுன்னு கேக்கிறாரு.”

நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பல்கலைக்கழகம் போய் வந்தவள், உன்னோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்தவள். எழுந்து, ‘இவளை எனக்குத் தெரியும், பெயரை அப்படியே விட்டது என் அப்பா’ என்று சொல்லியிருக்கலாம். அப்பா அப்போது பென்ஷனில் இருந்தார். அது நின்றுவிடும் என்று பயந்தேன். என்னைக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

வெளியே வந்து நீ சொன்னாய்: “நான் செத்து இருவது வருஷத்துக்கு மேல ஆச்சாம்டி. கருமாதிக்குக்கூட நீ வரலியே.” நான் சிரிக்கவில்லை. நீ என் முதுகில் ஒன்று வைத்து, “சிரிடி, டீச்சரம்மா” என்றாய். எங்கள் வீட்டுக் கணக்கப்பிள்ளையைப் பற்றி நீ ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

உன் விண்ணப்பம் தள்ளுபடியானது, நகரசபை வேலையும் போனது. நானுஓயாவிலிருந்து இறங்கி வந்த ரயிலில் உன்னை இந்தியாவுக்கு ஏற்றிவிட்டேன். இரண்டாம் வருஷம் திருச்சிப் பக்கத்திலிருந்து யாரோ எழுதிய கடிதம் வந்தது. செங்கல் சூளையில் வேலை, வயிற்றுப்போக்கு, மூன்று நாளில் சாவு. அதே வருஷம் உங்கள் லயத்துக்குக் குழாய் வந்தது. மேலே சிமெந்தில் முதலாளியின் பெயர். தினமும் அதைத் தாண்டித்தான் பாடசாலைக்கு நடக்கிறேன்.

எழுத வேண்டியது உண்மை மட்டுமே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறொருவருக்காக என்றால் அந்த வரியை விட்டிருப்பேன். போன மாதம்கூட ஒரு தையற்காரருக்கு அப்படி ஒரு வரியை விட்டு எழுதிக் கொடுத்தேன். ஆகவே இது நியாயம் இல்லை, பழி. எனக்குப் பழி வேண்டும். கச்சேரியின் அந்தப் பின் பெஞ்சை இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அவரும் ஒன்றைச் சுமக்கட்டும்.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பத்து மணிக்கு வந்தார். இடாப்பில் இருந்தபடியே, அந்த வரியோடு எழுதி, அவர் கண் முன்னாலேயே முத்திரை குத்திக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

“ஏன் டீச்சர்?”

“குழாய் கேட்டு வாளியோடு உட்கார்ந்தவளுக்காக.”

நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். “யாரு அது?”

“செத்த அக்கா பெயரில் இருந்தவள். நீங்கள்தான் ஆட்சேபனை கொடுத்தீர்கள்.”

“அப்ப எத்தனையோ பேருக்குக் குடுத்தோம் டீச்சர். செத்தவங்க பேருல இருந்தவங்களே நாலஞ்சு பேரு. யாரைன்னு ஞாபகம் வச்சுக்கிறது?”

நடிக்கவில்லை. உன் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டினார், தெரியாது என்று. கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். மழையில் படிகள் பாசி பிடித்திருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பிடித்து இறக்கிவிட நான் எழுந்து போகவில்லை.