நிரப்பாமல் விட்ட ஒரு கட்டம்

ஏட்டி,

உன் வீட்டைத் திறந்ததும் முதலில் வந்தது வாசம்தான். பூட்டிக் கிடந்த வீட்டின் தூசி வாசம் இல்லை. நடவுக்கு உழுது தண்ணீர் கட்டிய வயலின் வாசம். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே, அடுக்களையில் இரண்டு டைல்ஸுக்கு நடுவே கோரை முளைத்திருந்தது. பிடுங்கிப் போட்டேன். நாலு நாள் கழித்துப் போனபோது அதே இடத்தில் மறுபடியும் விரல் நீளத்துக்கு நின்றது.

நீ போய் மூன்று வருடமாகச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. வீட்டை விற்றுவிடலாம் என்று உன் மகள் மஸ்கட்டிலிருந்து வந்திருக்கிறாள். அலமாரியை ஒழித்தவள் உன் பைபிளுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "சித்தி, இது அம்மைக்க கையெழுத்துல்லா? என்னவோ மார்க் போட்டிருக்கு."

பார்த்ததும் தெரிந்துவிட்டது. பழைய கேள்வித்தாளின் பின்பக்கம். நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் பாறைவிளை, வலப்பக்கம் புதிதாகப் பிளாட் போட்ட நகர். இரண்டின் கீழும் ரோடு, காற்று, கிணறு, சர்ச், மழை என்று கட்டம் கட்டமாக. நாம் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்களாக இருந்து, நாகர்கோவிலில் ஒரே காம்பவுண்டில் வாடகைக்குக் குடியிருந்த காலம். உன் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார். இடம் பார்க்கும் பாடு முழுக்க உன் தலையில். வீடு வாங்குவதற்கும் பரீட்சை வைத்தவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, உன் ஆராதனை முடிந்து இரண்டு இடத்துக்கும் நடந்தோம். பாறைவிளையில் ஏற்றம் ஏறி உனக்கு மூச்சு வாங்கியது. ஆட்டோக்காரன் முகம் சுளிக்கும் குறுகல் தெரு, பாறையைக் குடைந்து ஆழத்தில் தண்ணீர் கிடக்கும் கிணறு, கூப்பிடு தூரத்தில் சர்ச் கிடையாது. அங்கே ஒரே ஒரு மனைதான் பாக்கி இருந்தது. அதைக் கேள்விப்பட்டு என்னை அழைத்துப் போனதே நீதான். பிறகு கீழே இறங்கினோம். அகலமான ரோடு, மலையிலிருந்து இறங்கி வரும் காற்று, கைக்கெட்டும் கிணற்றுத் தண்ணீர், உன் சர்ச் மணி காதில் விழும் தூரம். நீ அங்கேயே நின்று, சிவப்பு மையால் வலப்பக்கம் வரிசையாக டிக் போட்டாய்.

நான் தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் ஒரே வயது, ஒரே உயரம். ஒவ்வொரு வரிசையும் மண்ணை வெட்டி உயர்த்திய மேட்டில் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம், இன்னும் மண் அடிக்காத மனையில், இடுப்பளவு கோரை. எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பா எங்கள் வயலிலேயே செய்த வேலை அது. வயலில் மேடு போட்டுத் தென்னை வைப்பது, சில வருடம் தேங்காய் வெட்டுவது, பிறகு விளை, மேட்டுத் தோட்டம் என்று சொல்லிப் பிளாட் போடுவது. வாங்க வருகிறவர்களை அப்பா கோடையில்தான் வரச் சொல்வார்.

நீ மணவாளக்குறிச்சிக்காரி. அங்கே மழை விட்டுக் குடையை மடக்கும் முன் மணல் தண்ணீரைக் குடித்துவிடும். அதனால் நீ குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாய், விரலிடுக்கில் ஒழுகவிட்டாய். "பாருட்டி, எங்க ஊரு மண்ணு மாரி பொலபொலன்னு இருக்கு." அது லாரியில் வந்து கொட்டிய மண். அதற்கடியில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிய வழியில்லை.

கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. பேனாவை என் பக்கம் நீட்டினாய். "உங்கப்பா வயக்காரருல்லா. நீ சொல்லு மக்கா. மழைக்கு இங்க வெள்ளம் நிக்குமா?"

"எனக்கென்னட்டி தெரியும்? நல்ல இடமாத்தான் இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. மேட்டில் ஒரு மனைதான் இருந்தது, அது எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான். நீ கீழே முன்பணம் கொடுத்த வாரமே நான் மேலே கொடுத்தேன். "சர்ச் வேண்டாதவளுக்கு அது போதும்" என்று நீ கேலி செய்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன், வெட்கமில்லாமல்.

நீ குடிபுகுந்த பால்காய்ச்சு அன்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முதல் ஐப்பசியில் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஈரமானது. அடுத்த வருடம் குளியலறையில் தவளை. "வாடகை தராத குடித்தனம் வந்திருக்கு" என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரித்தாய். மூன்றாம் வருடம் தண்ணீர் படியேறி உள்ளே வந்தது. மகள் வளர வளர உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்த ஸ்டோர் ரூம் கதவில், தண்ணீர் வந்த உயரத்தையும் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தாய். அவள் கல்யாணமாகிப் போனதும் அவள் கோடு நின்றுவிட்டது. தண்ணீரின் கோடு நிற்கவில்லை.

அந்தக் கார்த்திகைக் காலையில் போன் செய்தாய். மூன்று நாள் விடாத மழை. "நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது மக்கா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு." நான் இதோ வருகிறேன் என்றேன். "வராண்டாம். இங்க இடுப்பளவு வெள்ளம் கெடக்கு. நீ மேட்டுலல்லா இருக்கே. அங்கனயே இரி." ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் உன்னை நாற்காலியில் வைத்துத் தூக்கி, தண்ணீருக்குள் தடவித் தடவி நடந்து, ரோட்டை அடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் மாடியில் நின்றால் உன் வீட்டுக் கூரை தெரியும். அன்று நான் அங்கேதான் நின்றேன்.

நேற்று வீடு பார்க்க இரணியல் பக்கத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். சின்ன வயசு. புரோக்கர் சுவரெல்லாம் புதுப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். அந்தப் பெண்ணுக்குக் காற்று பிடித்துவிட்டது, கிணறு பிடித்துவிட்டது. அடுக்களையில் நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்: "மழைக்கு வெள்ளம் நிக்குமா, டீச்சர்?"

"நல்ல இடமாத்தான்..." என்று என் வாய் தானாகவே தொடங்கியது. பேச்சை நிறுத்தி, ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து கோடுகளைக் காட்டினேன். "இது வயலு மக்களே. தென்னை வச்சுப் பிளாட்டாக்கினது. வாங்கணும்னா ஐப்பசியில வந்து ஒருக்கப் பாத்துட்டு வாங்குங்கோ."

புரோக்கர் என்னைப் பார்த்த பார்வையை விடு. அந்தப் பையன்தான் மெதுவாகக் கேட்டான். "இது டீச்சருக்கு எப்பத் தெரியும்?"

"இந்த வீட்டுக்காரி வாங்குறதுக்கு முன்னமே தெரியும்."

சொல்லிவிட்டுத் திரும்பினால், டீ டம்ளர்களோடு உன் மகள் நிற்கிறாள்.

வந்தவர்கள் போய்விட்டார்கள். உன் மகள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் செருப்பைப் போடும்போதுதான் கேட்டாள். "உங்களுக்குத் தெரியும்னு அம்மைக்குத் தெரியுமா, சித்தி?"

சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை, உள்ளே போய்விட்டாள்.

தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. இரவல் வாங்கிய புத்தகத்தில்கூடப் பிழை திருத்தித் திருப்பிக் கொடுப்பவள் நீ. வலப்பக்கம் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கிறது, அந்த ஒன்றில் மட்டும் இல்லை. நான் நல்ல இடம் என்று சொன்ன பிறகும் நீ அதை ஏன் நிரப்பவில்லை? இத்தனை வருடம் இதை ஏன் பைபிளில் வைத்திருந்தாய்? அன்று போனில், நீ மேட்டிலல்லவா இருக்கிறாய் என்று சொன்னது என்மேல் உள்ள பிரியத்திலா, இல்லை எல்லாம் தெரிந்தா? ராத்திரியும் பகலும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டில் எது என்றாலும் என்னால் தாங்க முடியாது.

அங்கனயே இரி என்றாய். இருக்கிறேன், ஏட்டி. இங்கே தண்ணீர் வராது.