ஏரி தாங்கும் அளவு

உன் வலையில் இறால் வாடை போய்விட்டது, நைனா. இன்று காலை அதைக் கொடியிலிருந்து இறக்கி உதறினேன். எலிப்புழுக்கையும் உப்புத்தூளும்தான் கொட்டின. வாடை இருந்தவரை நீ முகத்துவாரத்துக்குப் போயிருக்கிறாய், வந்துவிடுவாய் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

போன வாரம் பாடு பிரித்தார்கள். யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று வழக்கம்போலச் சீட்டுக் குலுக்கினார்கள். குலுக்குமுன் பட்டியலில் உனக்கு முன்னால் வரும் பெயரைப் படித்தார்கள். பின்னால் வரும் பெயரைப் படித்தார்கள். நடுவில் மூச்சுவிடக்கூட நிற்கவில்லை.

நான் எழுந்தேன். "எங்க வூட்டுப் பேரு இன்னா ஆச்சு?"

"ஆம்பள இல்லாத வூட்டுக்கு ஏதும்மா பாடு?" என்றார் ஊர்த் தலைவர். "உங்க நைனா பேசி முடிச்ச விஷயம் தானே."

ஆமாம், நீ பேசியதுதான். அப்போது நான் பள்ளிக்கூடச் சிறுமி. கௌரி அக்காவின் கணவர் படகு கவிழ்ந்து இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டு பெண் பிள்ளைகளோடு ஊர்க் கூட்டத்துக்கு வந்து, அவருடைய முறையைத் தனக்குத் தரச் சொன்னாள். நீதான் எழுந்தாய். இறால் குஞ்சு கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகிறது, இங்கே தின்று வளர்ந்து வற்றுநீரோடு கடலுக்குத் திரும்புகிறது, அந்த வழியில்தான் நாம் வலை கட்டுகிறோம் என்று நிதானமாகச் சொன்னாய். வலை பெருகினால் முட்டையிடத் திரும்பிப் போக ஒன்றும் மிஞ்சாது. "ஏரி இம்மாந்தான் தாங்கும். நாம எரக்கப்பட்டா இறாலு கூடுதலா குஞ்சு பொரிக்குமா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பெருமையாகச் சிரித்தேன்.

பிறகு கல்லூரியில் இதையே தாங்குதிறன் என்று படித்தேன். நீ சொன்னதில் தப்பே இல்லை. இப்போது முகத்துவாரம் மணல் மூடிக் குறுகிக் கிடக்கிறது. பக்கத்து அனல்மின் ஆலை விடும் சுடுநீரில் குஞ்சுகள் வெந்து மிதக்கின்றன. ஏரி தாங்கும் அளவு வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது. ஆனால் ஆலை வாசலில் கும்பிட்டு மனு கொடுத்த ஊர், கௌரி அக்காவிடம் மட்டும் கணக்குப் பேசியது.

போன வாரம், இறால் குஞ்சு பொரிக்குமா என்ற உன் பேச்சையே தலைவர் என்னிடம் திருப்பிச் சொன்னார். அதே இடத்தில் சிரித்தார்கள். செத்த பிறகும் நீதான் எனக்குப் பதில் சொன்னாய்.

வெளியே கௌரி அக்கா பொன்னேரிச் சந்தைக்குக் கிளம்பிய மீன்கூடையோடு நின்றிருந்தாள். இத்தனை வருடமாக அடுத்தவர் பிடித்ததை ஏலத்தில் எடுத்து விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தாள்.

"வாடி, போலாம். உங்கம்மாவுக்கும் ஒரு கூடை வாங்கிடு."

"நீயும் சிரிச்சிடேன்க்கா. உன்ன விரட்டுன வூடு தானே எங்களுது."

"சிரிக்க இன்னா கீது? நான் புது வலையா கேட்டேன்? எங்க வூட்டுக்காரரு கட்டின எடம். அவரு நாளுங்கள எல்லாரும் பங்கு போட்டுக்கினாங்க. உங்க வூட்டுக்கும்தான் வந்துது."

நான் நின்றுவிட்டேன். அவளுக்குக் கொடுத்திருந்தாலும் வலை கூடியிருக்காது. கை மட்டும் மாறியிருக்கும். ஏரியை அவ்வளவு சரியாக அளந்த உனக்கு இது தெரியாமலா இருந்தது, நைனா?

அம்மாவிடம் கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த வருசம்தான்டி உனக்குக் கொலுசு எடுத்தது."

அதைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க ஓடியது நினைவிருக்கிறது. நீ கட்டிலில் படுத்தபடி, "ஓடு, நல்லா சத்தம் வரட்டும்" என்பாய். இப்போது அந்தச் சத்தம் என்னைத் தூங்க விடுவதில்லை.

அடுத்த கூட்டத்தில் மறுபடி எழுவேன். அம்மாவுக்கும் கௌரி அக்காவுக்கும் சேர்த்தே கேட்பேன். ஒரு வலையும் கூட்டச் சொல்ல மாட்டேன், பங்கு போட்டுக்கொண்டதைத் திருப்பிக் கேட்பேன். ஏரி இவ்வளவுதான் தாங்கும் என்றுதான் தொடங்குவேன். அது நீ கொடுத்தது, விடமாட்டேன். ஆனால் நான் கோபமாகப் பேசினால் அப்படியே உன் குரல் என்கிறார்கள். கௌரி அக்கா அங்கே நிற்பாள். அந்தக் குரலை அவள் இரண்டாம் முறை கேட்கப்போகிறாள்.