டோலியில் ஏற மாட்டேன்

1944, தை மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

இன்று நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அண்ணன் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து டோலியும் அதைத் தோளில் தூக்க ஆட்களுமாக மலையேறிப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"நெஞ்செல்லாம் கட்டியாமா. போற உசுரு நம்ம ஊட்ல போவட்டும், வா கண்ணு" என்றார். அழுதுகொண்டே சொன்னதால் கோபப்பட முடியவில்லை.

முன்பு ஒரு கட்டிக்காக எனக்குக் கருப்பையையே எடுத்தார்கள். போன வருடம் எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க உருண்டை உருண்டையாக நிழல்கள் தெரிந்தன. புற்று என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். சென்னையில் ஒரு டாக்டரம்மா அதில் ஒன்றை வெட்டியெடுத்துச் சோதித்தார். புற்று இல்லை, கருப்பையில் இருந்த அதே சாதுவான தசைக்கட்டிதான் என்றார். அது நுரையீரலுக்கு எப்படிப் போனதென்று அவருக்கே விளங்கவில்லை. இனி வளருமா என்றும் தெரியாதாம்.

"அது பாட்டுக்கு இருக்குதுங்கண்ணா. நானும் என்ற பாட்டுக்கு இருக்கறேன். டோலியில ஏற மாட்டேன்" என்றேன். பிள்ளைகள் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

மலையேறியதில் அண்ணனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. சாயங்காலம் அவரைத்தான் டோலியில் உட்காரவைத்து அனுப்பினேன். இறக்கம் தொடங்கும் இடம்வரை கூடவே நடந்தேன். திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது. வாங்கட்டும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தை நான்தான் திறப்பேன்.