சாவி செய்ய மறுத்தவள்

உட்லண்ட்ஸ்,
8 மார்ச் 2026

பாசமுள்ள மருமகள் முனீராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், மாமா, ரஃபீக் மூவரும் சுகம். அந்தக் குளிரில் நோன்பும் வைத்துக்கொண்டு வேலையும் பார்க்கிறாய். உனக்கு உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

என்ன, மாமி காகிதத்தில் எழுதுகிறாளே என்று யோசிக்காதே. போனில் நான் எதைச் சொன்னாலும் ‘சரி மாமி, சரி மாமி’ என்று நீ முடித்துவிடுகிறாய். குறை சொல்லவில்லை. டிசம்பரில் நான் பேசிய பேச்சுக்கு அந்த அளவாவது பேசுகிறாயே. ஆனால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பாதியில் அழுதுவிட்டால் உனக்குத்தான் சங்கடம். உன் ஆபீஸ் தோழி ஷமீமா லீவு முடிந்து புதன்கிழமை அங்கே திரும்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

மாமாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. தேக்காவில் இருக்கும் சாப்பாட்டுக் கடையை ஒரு மாதம் மூடுங்கள் என்று டாக்டர் சொன்னார். நோன்பு மாதத்திலா மூடுவது என்று டாக்டரிடமே சண்டைக்குப் போய்விட்டார். கறி வைத்த முர்தபாக் ரொட்டி வாங்க வரிசை, மீன் விற்கும் ஈரச்சந்தை வரைக்கும் நிற்கிறது. வரிசையில் நிற்பவர்களிடம் அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? “ஒரு நாட்டு அரசாங்கத்துக்கே முடியாதுன்னு சொன்ன பொண்ணு என் மருமக லா!” கேட்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். ரஃபீக் சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். நேற்று வைத்த மீன் குழம்பை நாங்கள் மூவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டோம். அதற்கு மேல் கேட்காதே.

இனி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் ஆகஸ்ட் முதல் நான்கு மாதம் நீ வீட்டில் சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவாய். போன் அடித்தால் வாசலுக்கு வெளியே போய் லிஃப்ட் பக்கத்தில் நின்று பேசுவாய். உங்கள் இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்றே நினைத்தேன். ரஃபீக்கைக் கேட்டால், “எனக்கும் ஒண்ணும் சொல்ல மாட்றாம்மா” என்று அவனும் முகம் வாடிப்போனான். நீ இப்போது இருக்கும் நாட்டு அரசாங்கம் உங்கள் கம்பெனிக்கு ரகசிய உத்தரவு அனுப்பியிருந்ததும், அதைப் பற்றிக் கட்டிய கணவனிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்று சட்டம் உன் வாயைக் கட்டியிருந்ததும் எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த விஷயத்தைப் பேசலாம் என்று டிசம்பரில் அனுமதி வந்த பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாய்.

நீ சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் எழுதுகிறேன், தப்பிருந்தால் சிரித்துக்கொள். மக்கள் தங்கள் போட்டோ, கடிதம், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் உங்கள் கம்பெனியின் கிளவுடில் வைக்கிறார்கள். போனை விட்டுக் கிளம்பும்போதே அவை பூட்டப்பட்டுவிடும். சாவி சொந்தக்காரரிடம் மட்டும்தான். கம்பெனியே நினைத்தாலும் திறக்க முடியாது. அந்தப் பூட்டைச் செய்தவர்களில் நீதான் தலைவி. எங்களுக்கும் ஒரு சாவி செய்து கொடு, வேண்டும்போது யாருடையதை வேண்டுமானாலும் திறந்து பார்ப்போம் என்று அந்த அரசாங்கம் கேட்டது. நீ மாட்டேன் என்றாய்.

அன்று சாப்பாட்டு மேசையில் என் தம்பி நூருல் அமீனும் இருந்தான். துறைமுகத்தில் முப்பது வருஷம் பாதுகாப்பு வேலை பார்த்தவன். பிள்ளைகளைக் கெடுக்கிறவனும் குண்டு வைக்கிறவனும் அந்தப் பூட்டுக்குள்தானே ஒளிகிறான் என்று கேட்டான். அவனுக்கு நீ பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். நடுவில் புகுந்தவள் நான்தான். “தப்பு செய்யாதவங்களுக்குப் பூட்டு எதுக்கும்மா? நம்ம வீட்ல யாரு வேணும்னாலும் வந்து பாக்கட்டுமே, என்ன இருக்கு? நீ பிடிவாதம் பிடிக்கறதுக்கு அரசாங்கம்தானா கிடைச்சுது?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். நீ தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனாய். மூன்றாம் நாள் விசாரணைக்குச் சாட்சி சொல்ல விமானம் ஏறிவிட்டாய். விமான நிலையத்துக்கு நான் வரவில்லை.

ஜனவரியில் விசாரணையின் கடைசி நாளைப் பொதுமக்களும் பார்க்கலாம் என்று விட்டார்கள் அல்லவா? ரஃபீக் டிவியில் போட்டு, ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொன்னான். அரசாங்க வக்கீல் உன்னிடம் நயமாகத்தான் கேட்டார். ஒரே ஒரு சாவி, பத்திரமான இடத்தில் இருக்கும், நீதிபதி கையெழுத்து இல்லாமல் எடுக்க மாட்டோம், இதில் என்ன ஆபத்து என்றார். யார் கையில் இருக்கிறோம் என்று பார்த்துவிட்டுத் திறக்கிற சாவியைச் செய்ய எனக்குத் தெரியாது, தெரியும் என்று யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள் என்று நீ சொன்னாய். குரல் கொஞ்சமும் உயரவில்லை. தலைத்துணி மட்டும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. எட்டிச் சரிசெய்யலாம் போல எனக்குக் கை பரபரத்தது.

அதன் பிறகு அந்தத் தாய் சாட்சி சொல்ல வந்தாள். அவளுடைய மகன் செத்துப்போனதற்கு யார் காரணம் என்று இன்னும் தெரியாதாம். என் பிள்ளையின் கடைசி நாட்கள் உங்கள் பூட்டுக்குள் இருக்கின்றன என்று உன்னைப் பார்த்துச் சொன்னாள். வேறு யாராவது என்றால் சட்டம் பேசியிருப்பார்கள். உங்களுக்கு ஆறுதல் தரும் பதில் என்னிடம் இல்லை, அம்மா, என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றாய். இடைவேளையில் நீ அவள் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாயாம், என்ன பேசினீர்கள் என்று தன்னிடம்கூடச் சொல்லவில்லையாம், ஷமீமா சொன்னாள். அன்று நான் உன்னை என் மகனின் மனைவியாகப் பார்க்கவில்லை முனீரா. இப்படி ஒரு பெண் என் வீட்டில் ஆறு வருஷமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாளா என்றிருந்தது.

தீர்ப்பு அரசாங்கத்துக்குச் சாதகமாக வந்தது. சாவி செய்வதானால் என் கையால் செய்ய மாட்டேன் என்று முதலாளிகள் மேசையில் ராஜினாமாக் கடிதத்தை வைத்தாயாம். கடைசியில் கம்பெனி சாவி செய்யவில்லை. அதற்குப் பதிலாக, அந்த நாட்டில் மட்டும் பூட்டு வசதியையே எடுத்துவிடுவதாக முடிவு செய்தது. அதையாவது மறைக்காமல் மக்களிடம் சொல்லுங்கள், தங்கள் பொருளை எடுத்துக்கொள்ள மூன்று மாதம் கொடுங்கள் என்று போராடி வாங்கினாய். அந்த மக்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதத்தான் இன்னும் அங்கேயே இருக்கிறாய். எல்லாம் செய்துவிட்டு, போன மாதக் கடைசியில் போனில், “தோத்துப் போயிட்டேன் மாமி” என்றாய்.

நீ தோற்கவில்லை என்று வாதாட எனக்குப் படிப்பு போதாது. ஆனால் உன்னை மெச்சுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

கல்யாணமான புதிதில் நான் கேலாங்கில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் கவுண்டரில் வேலை பார்த்தேன். 1992ஆம் வருஷம், எனக்கு இருபத்து நான்கு வயது. நோயாளிகளின் கோப்புகள் இரும்பு அலமாரியில் இருக்கும், சாவி என் இடுப்பில். ஒரு நாள் மாமாவின் பெரியப்பா நாகூர் கனி வந்தார். தன் பையனுக்கு ஒரு பெண் பார்த்திருப்பதாகவும், அவள் எங்கள் கிளினிக்கில் மாத்திரை வாங்குவதாகக் கேள்விப்பட்டதாகவும் சொன்னார். “ஒரே ஒரு தடவை பாத்துச் சொல்லும்மா. ஒரு பையனோட வாழ்க்கை. நான் வேற யாருகிட்டயும் மூச்சுவிட மாட்டேன்” என்றார். குடும்பத்தில் பெரியவர், நியாயமான காரணம். நான் திறந்தேன். அவளுக்கு வலிப்பு வரும், மாத்திரையில் அடங்கியிருந்தது. அதைச் சொன்னேன்.

அந்தச் சம்பந்தம் நின்றது. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அடுத்து வந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரிந்திருந்தது, அதற்கு அடுத்த வீட்டுக்கும் தெரிந்திருந்தது. அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. யார் சொன்னது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அவள் பெயரை உனக்குக்கூட எழுத மாட்டேன். அந்த அளவுக்காவது இப்போது புத்தி வந்திருக்கிறது.

நீ தோற்றேன் என்று சொன்ன அந்த வாரம், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க நிற்கும்போது, அவள் பிடோக்கில் தனியாக இருக்கிறாள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. போன ஞாயிறு அஸர் தொழுதுவிட்டுப் போனேன். மாமாவிடம் உறவுக்காரர் வீடு என்று சொன்னேன்.

மரக்கதவைத் திறந்தாள், இரும்புக் கிராதியைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டாள். நான் வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடிக்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு, அக்கா முறை வைத்தே, “அப்பவே தெரியும் லாத்தா. கவுண்டர்ல நீங்க ஒரு ஆள்தானே? என்னைக்காவது வருவீங்கன்னு பாத்தேன். முப்பத்து நாலு வருஷம் ஆச்சு” என்றாள். மன்னித்துவிடு என்றேன். “சொல்லிட்டீங்கல்ல, பாத்துப் போங்க. நோன்பு தெறக்கற நேரம் ஆயிடும்” என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினாள். கோபமாகச் சாத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். நான்கு பஸ் போன பிறகுதான் எழ முடிந்தது.

என்னிடம் கேட்டவர் உறவில் ஒரு பெரியவர், அவ்வளவுதான். அவருக்கே என்னால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. உன்னிடம் கேட்டது ஒரு நாடு. வேலை போகலாம், சிறைக்கும் போகலாம் என்று ஷமீமா சொன்னாள். நீ அசையவில்லை. உன்னைப் பெற்றவள் கொடுத்துவைத்தவள். உன்னோடு ஒரே வீட்டில் இருந்தும் நான் உன்னைத் தெரிந்துகொள்ளவில்லை.

ரஃபீக்குக்கும் மாமாவுக்கும் நானே சொல்வேன், பெருநாள் கழியட்டும். அதுவரை இது உன்னோடு இருக்கட்டும். யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் நான் சொல்லத் தேவையில்லை.

பெருநாளுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டாய். சரி, அந்த மக்களுக்கு நீ வேண்டும். முடித்துவிட்டு நிதானமாக வா. ஆனால் டிக்கெட் போட்டதும் ரஃபீக்குக்குச் சொல்வதற்கு முன் எனக்குச் சொல். இந்தத் தடவை விமான நிலையத்துக்கு நான் வருகிறேன். எந்த நேரமானாலும் வருவேன், நீ வரும் வாசலிலேயே நிற்பேன். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இரு, அது போதும்.

அல்லாஹ் உன் அறிவையும் உறுதியையும் காப்பாற்றுவானாக. உன் கண்ணுக்குத் தூக்கத்தையும் மனசுக்கு அமைதியையும் தருவானாக. உன்னைப் போல ஒரு பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்க நாடுவானாக. ஆமீன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
மாமி ருக்கையா