கம்ப்யூட்டர் ஓடுகிறது, பாஸ்வேர்டு அப்பாவிடம்

அண்ணா,

கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. புது கிராபிக்ஸ் கார்டுக்கு நீ ஏற்றிய டிரைவர் சாஃப்ட்வேர்தான் திரையைக் கறுப்பாக்கியது. சேஃப் மோடில் நுழைந்து அதை நீக்கிவிட்டேன். கார்டையும் பிடுங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். காலையில் உன் ஆன்லைன் இன்டர்வியூவுக்கு மெஷின் தகராறு பண்ணாது.

"காலேஜ பாதியில விட்டவன் கைய வச்சா இப்படித்தான்ப்பா ஆகும்" என்று பழியை என் தலையில் போட்டாயே, அதனால் பாஸ்வேர்டை மாற்றி அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். கெடுத்தவன் ஒத்துக்கொண்டால்தான் தர வேண்டும் என்றேன். "வரட்டும், கேக்குறேன்" என்றார்.

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. எனக்குப் போன் பண்ணாதே, நைட் ஷிஃப்டில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

பி.கு: அப்பா தூங்கிவிட்டால் எழுப்பு. நேற்று என்னைப் போட்டுக்கொடுக்க எழுப்பினாயே, அதே மாதிரி.