நீ விட்டுப்போன திமிங்கல மணை

இன்று காலை மூடுபனி இறங்கியதும் உன் மணை மறுபடியும் நாற ஆரம்பித்துவிட்டது. ஈரம் பட்டால் அந்தத் திமிங்கல எலும்பிலிருந்து இன்னும் லேசாக எண்ணெய் கசிகிறது. வீடு முழுக்கப் பழைய மீன்கூடை வாடை. மூட்டை கட்டிக்கொண்டிருந்த என் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு, இதையாவது இங்கேயே விட்டுவிட்டு வா என்றான். எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. செத்தும் என்னை நிம்மதியாக இருக்க விடமாட்டேன் என்கிறாயே.

தேயிலை எஸ்டேட்டில் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு வீடு கிடையாதாம். கொழுந்தெடுக்கப் போனவர்களின் பிள்ளைகளை இத்தனை வருஷம் பிள்ளைக் காம்பராவில் தூளி ஆட்டி வளர்த்தவள் நான். அதை ஆபீசில் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. சிநேகிதியாக மட்டுமா, என் வாயாகவும் இருந்தவள் நீதான். லீவு கேட்பது, கம்பளி கேட்பது, கூரை ஒழுகுகிறது என்று சண்டை போடுவது, எல்லாவற்றையும் எனக்கும் சேர்த்து நீயே செய்தாய். இப்படிப் பழக்கிக் கெடுத்துவிட்டு, முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய்.

மண்டபம் முகாமில் நாம் கிடந்த கிடையை நினைத்துப் பார்க்கிறேன். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, எந்த மலைக்கு அனுப்புவார்களோ என்று காத்திருந்தோம். ஒரு நாள் கரையில் திமிங்கலம் ஒதுங்கியிருக்கிறது என்று எல்லோரும் ஓடினோம். மீனவர்களோடு நம் ஆட்களும் சேர்ந்து வடம் கட்டி இழுத்து அதை ஆழத்தில் விட்டார்கள். அது திரும்பி வந்தது. மறுபடி தள்ளினார்கள். மறுபடியும் வந்தபோது நீ மட்டும் கைதட்டினாய். கடைசியில் அது கரையிலேயே செத்தது.

நம்மை மலையேற்றுவதற்குள் அது வெறும் எலும்பாகிவிட்டது. முதுகெலும்புத் துண்டுகளை மீனவர் வீடுகளில் உட்காரும் மணையாகப் போட்டுக்கொண்டார்கள். நீ கெஞ்சிக் கூத்தாடி ஒன்றை வாங்கி வந்தாய். உன் அம்மா திட்டித் தீர்த்தாள். இது எதற்கடி என்று நானும் கேட்டேன்.

"நம்மள போன்னாங்க, வந்துட்டோம். இது போன்னா போகல பாரு," என்றாய்.

அப்புறம் அடுப்படியில் அதன்மேல்தான் உன் ராஜ்யம். என்னை ஒரு நாளும் அதில் உட்கார விட்டதில்லை.

கருமாதி முடிந்ததும் உன் மகன் பாய் தலையணையோடு அதையும் ஓடையோரம் போட்டான். மனசு கேட்காமல் நான்தான் எடுத்து வந்தேன். அன்றைக்குப் பிடித்தது சனி. பார்க்கிறவர்கள் எல்லாம் யானை எலும்பா என்கிறார்கள். குன்னூர் ரிசார்ட்காரர் ஒருவர் மேலே கண்ணாடி பதித்து டீ மேசையாக்கலாம், கொடுங்கள் என்றார். இதையெல்லாம் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, ஒப்படைத்துவிடுங்கள் என்று காட்டிலாகாக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அதுவும் வீட்டில் இருக்கக் கூடாது, நானும் இருக்கக் கூடாது.

எரிச்சல் தாங்காமல் அதை வாசலுக்கு இழுத்தேன். தூக்கி எறியத்தான் இழுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்கம் சாய்கிறது, நடுவில் குத்துகிறது. இதற்கா அத்தனை பிகு பண்ணினாய்?

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் பையன் வந்தான்.

"ஏனுங்கம்மா, இன்னும் கெளம்பலீங்களா?"

பதில் சொல்ல உன்னைத் தேடினேன். பழக்கதோஷம்.

"நான் போகல தம்பி," என்றேன்.

அவன் போனபிறகு மகன், "அந்தத் திமிங்கலமும் செத்துத்தானம்மா போச்சு," என்றான். தெரியும். இருந்தாலும் தள்ளியவர்களுக்குத் தோள் வலித்திருக்கும்.

நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. மகன் தூக்கமாட்டான், உன் மணையை நானே தலையில் வைத்துக் கொண்டுபோகப் போகிறேன். அங்கே நிற்க வைத்துத்தான் பேசுவார்கள், எனக்கு முழங்கால் வலிக்கும்.